துவர்ப்பை ஆறப்போடுகிறவர்கள்

பரோலோவுக்கு நிறம் குறைவு. உலகின் பெருமதிப்புள்ள சிவப்பு ஒயின்களில் ஒன்று என்று கேள்விப்பட்டு வருகிறவர், கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் ஏமாந்துபோவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரியும். சில வருடம் போனால் விளிம்பில் செங்கல் நிறமும் தட்டிவிடும். காரணம் திராட்சையிலேயே இருக்கிறது. நெப்பியோலோ என்ற அந்த இனத்தின் தோலில் உள்ள நிறமிகளில் பெரும்பங்கு காற்றுப் பட்டால் சீக்கிரம் சிதைகிற வகை. ஆனால் அதே தோலிலும் விதையிலும் துவர்ப்பைத் தரும் டானின் ஏராளம். நிறத்தை நம்பி ஒரு வாய் குடித்தால், கொட்டைப்பாக்கை மென்றது போல நாக்கும் ஈறும் இறுகிக்கொள்ளும். புளிப்பும் கூடவே வரும். இந்த முரட்டுச் சரக்கை மனிதர் குடிக்கும்படி ஆக்குவதுதான் பரோலோக்காரர்களின் மொத்தத் தொழிலும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே பகுதியின் ஆல்பா நகரத்துக்குத் தெற்கே லாங்கே குன்றுகள் இருக்கின்றன. அங்கே பதினொரு ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெப்பியோலோவில் மட்டுமே பரோலோ செய்யலாம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ஹெக்டேர்தான். நான் போனது நவம்பர் கடைசி. வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அக்டோபரில் போயிருந்தால் நல்ல படங்கள் கிடைத்திருக்கும். நின்று பேச ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள். நவம்பரில் கீழே ஆல்பாவில் வெள்ளை டிரஃபிள் காளான் சந்தைக்கு வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும். மேலே குன்றுகளில் மூடுபனி, இலை உதிர்ந்த கொடிகள், கவாத்துக் கத்தரிச் சத்தம். பாதாள அறைகளிலோ வேலை பாதிகூட முடிந்திருக்காது.

ஆல்பாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மொழிபெயர்க்க உடன் வந்தார். செர்ராலுங்கா பக்கம் ஒரு குடும்பத்தின் ஒயின் கூடம். பொறுப்பாளருக்கு எழுபது வயது இருக்கும். அக்டோபரில் பறித்த பழம் இன்னும் தோலோடும் விதையோடும் தொட்டியில் கிடந்தது. நொதிக்கும்போது தோலெல்லாம் வாயுவோடு மேலே கிளம்பி ஒரு கெட்டியான படலமாக மிதக்கும். அதை மரப்பலகைகளால் அமுக்கிச் சாற்றுக்குள்ளேயே முக்கி வைத்திருந்தார்கள். நாற்பது நாள், சில வருடம் ஐம்பது நாள்கூட அப்படியே ஊறும். துவர்ப்புதான் தொல்லை என்றால் தோலைச் சீக்கிரம் பிரித்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். பெரியவரிடம் இதே கேள்வியைப் பலர் கேட்டிருப்பார்கள் போல. "முதல் வாரத்தில் வருவது முரண்டு பிடித்துக்கொண்டு வரும். விட்டுப் பிடித்தால் ஒன்றோடொன்று சேர்ந்து அடங்கும்," என்றார். வேதியியல்காரர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுவே: காலம் போகப் போக டானின் மூலக்கூறுகள் தமக்குள்ளும் நிறமிகளோடும் பிணைந்து பெரிதாகும், அப்புறம் வாயை அவ்வளவாகப் பிடிக்காது.

அடுத்த அறையில் பீப்பாய்கள். பீப்பாய் என்றால் உருட்டிக்கொண்டு போகும் சாமான் இல்லை. ஆளை விட உயரமான, மூவாயிரம் லிட்டரும் அதற்கு மேலும் கொள்கிற ஓக் மரக் கலங்கள். குரோவேஷியாவின் ஸ்லவோனியாக் காட்டு ஓக்கைத்தான் இங்கே தலைமுறையாக வாங்குகிறார்கள். கலம் பெரிதாக இருந்தால் மரத்தைத் தொடுகிற ஒயினின் பங்கு குறைவு. மரவாசனை ஏறாது, இழைகள் வழியாகக் காற்று மட்டும் சன்னமாக உள்ளே போகும். இருபது முப்பது வருடம் ஒரு கலம் உழைக்கும். அப்படி உழைக்க வேண்டுமானால் யாராவது அதற்குள் இறங்கித் தேய்க்க வேண்டும். முன்பக்க அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. ஒரு தோளை முதலில் நுழைத்து, மூச்சை விட்டு, மறு தோளை இழுத்துக்கொண்டு ஓர் இளைஞர் உள்ளே போனதைப் பார்த்தேன். கையில் விளக்கு, பிரஷ், தண்ணீர்க் குழாய். உட்சுவரில் படிந்த டார்ட்டாரிக் படிகம் மின்னியது. அதைச் சுரண்டும் சத்தம் வெளியே பெரிதாகக் கேட்டது. உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று சோதித்த பிறகே ஆளை இறக்குகிறார்கள். ஒயின் கூடங்களில் கரியமில வாயு ஆளைக் கொன்ற கதை எந்த நாட்டிலும் உண்டு. ஒல்லியாக இருப்பதே இந்த வேலைக்கு முதல் தகுதி. பெரியவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, தான் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற காரணம் அதுதான் என்றார்.

சட்டம் அறுவடை ஆண்டின் நவம்பர் 1-இலிருந்து கணக்கு வைக்கிறது. குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். ரிசர்வா என்று போட வேண்டுமானால் 62 மாதம். ஆக 2020-இல் பறித்த பழம் கடைக்கு வந்தது 2024 ஜனவரியில். அப்போதும் அது பிள்ளைதான். இரண்டு கோப்பைகளை அருகருகே வைத்துக் கொடுத்தார்கள். கலத்திலிருந்து நேராக எடுத்தது முதலில். செர்ரிப் பழ வாசனை முந்திக்கொண்டு வர, பின்னாலேயே அந்தப் பிடி. அடுத்தது 2010-ஆம் ஆண்டுப் புட்டி. காய்ந்த ரோஜா இதழ், தார், அதிமதுரம், ஈர மண் என்று இந்த ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் அடுக்குவதை நான் மிகைப்படுத்தல் என்றே நினைத்திருந்தேன். தார் உண்மையிலேயே இருந்தது, ரோஜாவும். இரண்டும் ஒரே கோப்பையில் சண்டை போடாமல் இருந்ததுதான் ஆச்சரியம். துவர்ப்பு போய்விடவில்லை, மதியச் சாப்பாட்டில் பரோலோவிலேயே வெந்த மாட்டிறைச்சியைத் தின்றதும் அதன் வேலை புரிந்தது. டானின் இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, நாக்கை விட்டுவிடுகிறது. தனியாக உட்கார்ந்து குடிக்கிறவருக்கு இந்த ஒயின் ஆகாது.

இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் எண்பதுகளில் இங்கே ஒரு சண்டை மூண்டது. லா மோர்ராவைச் சேர்ந்த எலியோ அல்தாரே பிரான்சின் பர்கண்டிக்குப் போய் அங்குள்ள விவசாயிகளின் வசதியைப் பார்த்துவிட்டு வந்தவர். 1983-இல் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தை எடுத்து அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்தெறிந்தார். அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். அல்தாரேயும் கூட்டாளிகளும் 225 லிட்டர் கொள்ளும் பாரிக் என்ற சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்கு மாறினார்கள். தோலோடு ஊறும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்தார்கள். ஒயின் சீக்கிரம் பழகியது, அமெரிக்காவில் விற்றது. எதிர்ப்பக்கம் பழைய முறையை விடாத பார்தோலோ மஸ்கரெல்லோ. பாரிக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று 1999-இல் தானே வரைந்து புட்டியில் ஒட்டினார்.

என் நாக்கு மஸ்கரெல்லோவின் கட்சி. ஆனாலும் அல்தாரேயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பழமைக்காரர்களைப் புகழ்கிறவர்கள், பழைய கலங்கள் பலவும் ஊத்தையாக இருந்ததையும் ஒயின் கெட்ட வாடை அடித்ததையும் சொல்வதில்லை. அந்த இளைஞர் உள்ளே இறங்கித் தேய்த்தாரே, அந்தச் சுத்தம் ஊரெங்கும் பரவியதில் ரம்பம் எடுத்தவருக்கும் பங்கு உண்டு. இன்று இரு தரப்பும் நடுவில் சந்தித்துவிட்டன. பாரிக் வாங்கியவர்கள் பலர் பெரிய கலத்துக்கே திரும்பியிருக்கிறார்கள்.

தவிர, காத்திருப்பது கையில் காசு உள்ளவனுக்குத்தான் கைகூடும். போருக்குப் பின் லாங்கே வறுமையின் பெயராக இருந்தது. ஆல்பாக்காரரான பெப்பே ஃபெனோலியோ எழுதிய 'லா மலோரா' குறுநாவல் இந்தக் குன்றுகளின் பட்டினியைப் பற்றியது. பையன்கள் தூரினுக்கு ஃபியட் ஆலை தேடிப் போனார்கள். 1946-இல் ஆல்பாவில் தொடங்கிய ஃபெரெரோ மிட்டாய் ஆலை கிராமம் கிராமமாகப் பேருந்து விட்டு ஆள் ஏற்றியது. ஆலையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து கொடியைப் பார்த்துக்கொண்டவர்கள் நிலத்தை விற்காமல் தப்பித்தார்கள். ஃபெரெரோவின் நூட்டெல்லா இல்லாவிட்டால் பரோலோ இல்லை என்று பெரியவர் சிரிப்போடு சொன்னதில் பாதி மெய். 1986-இல் இன்னோர் அடி. பக்கத்து நார்சோலே ஊர் வியாபாரம் ஒன்றிலிருந்து போன மலிவு ஒயினில் மெத்தனால் கலந்திருந்தது. இருபது பேர் அளவில் செத்தார்கள், சிலர் கண் இழந்தார்கள். மெத்தனால் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பரோலோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், எண்ணிக்கையை விட்டுத் தரத்தைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அதற்குப் பின் இறுகியது.

இப்போது இங்கே நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் போகிறது. அந்த நிலத்தில் குனிந்து நிற்கிறவர்களில் இத்தாலியர் குறைவு. தொண்ணூறுகளிலிருந்து மாசிடோனியர்கள், பிறகு அல்பேனியர்கள், ருமேனியர்கள், இப்போது மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்கள். பலரையும் தோட்டக்காரர் நேரடியாக வைத்துக்கொள்வதில்லை. நடுவில் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பு ஆள் அனுப்பும். ஒழுங்காக நடப்பவையும் உண்டு, கங்காணி வேலை பார்ப்பவையும் உண்டு. 2024-இல் இந்தப் பகுதியிலேயே ஆட்களைச் சுரண்டிய இடைத்தரகர்கள் மேல் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. புட்டியின் முகப்பில் குன்றின் பெயர் வரும், குடும்பத்தின் பெயர் வரும். கவாத்து செய்தவர் பெயர் எங்கும் வராது.

கவாத்துதான் இங்கே ஆகக் கடினமான கைவேலை. மற்றத் திராட்சைகள் பலவற்றைக் குட்டையாக இரண்டு கணு விட்டு வெட்டிவிடலாம், அதற்கு இயந்திரமும் உண்டு. நெப்பியோலோவில் அது நடக்காது. அடிக்கணுக்கள் காய்க்காது. அதனால் எட்டு பத்து மொட்டுள்ள ஒரு நீண்ட குச்சியை விட்டு வைக்க வேண்டும்; மார்ச்சுக்குள் அதை வளைத்துக் கம்பியில் கட்டுவார்கள். முன்பெல்லாம் கட்டுவதற்கு வில்லோ மரத்தின் இளங்கிளைகள்தான், இன்றும் சிலர் விடவில்லை. கீழே இரண்டு மொட்டோடு ஒரு குட்டைக் குச்சியும் விட வேண்டும். மறு வருடக் குச்சி அதிலிருந்து வரும். ஆக ஒவ்வொரு வெட்டும் இரண்டு வருட விளைச்சலுக்கான முடிவு.

கவாத்து செய்ய நான் பார்த்தவர் வடக்கு மாசிடோனியாவின் தெற்குப் பகுதிக்காரர், ஐம்பது தாண்டியவர். ஒரு கொடி முன் இரண்டு விநாடி நிற்பார், நாலைந்து வெட்டு, அடுத்த கொடி. எந்தக் குச்சி என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, சென்ற வருடமும் இதே வரிசையை வெட்டியது நான்தான் என்றார். வெட்டியது பிழைத்ததா என்று அவருக்கு அடுத்த குளிர்காலத்தில் தெரியும். கூலி மணிக் கணக்கில். 38 மாதக் கணக்கு அவருக்கு இல்லை.

பரோலோ பிடிக்குமா என்றேன். "கிறிஸ்துமஸுக்கு முதலாளி ஒரு புட்டி தருவார். நல்லதுதான், ஆனால் எங்கள் ஊர் விரானெட்ஸ் அளவுக்கு வராது," என்றார். கறுத்த, பழவாசனை தூக்கலான தன் ஊர்த் திராட்சையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் ஆல்பாவில் 1881-இல் தொடங்கிய ஒயின் தொழில் பள்ளியில் படிக்கிறாளாம். பாடத்தில் கவாத்தும் உண்டு. வீட்டுக்கு வந்து அப்பாவின் வெட்டில் பிழை சொல்கிறாள் என்று புகார் சொன்னார். சொல்வது சரியா என்று நண்பர் கேட்டதற்கு, பாதி சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.