குடிக்காமல் விட்ட சோடாவும் விற்காமல் போன புடவையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், ஒரே பாடசாலை. சென்ற வாரம் தரம் 10 இல் கேள்வியும் நிரம்பலும் பாடம் நடந்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்:

"சேர், நாங்க ஒரு சோடாவக் குடிக்காம விட்டா அமெரிக்காவுல இருக்கிற கம்பெனிக்கு அது தெரியவருமா?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய வாப்பா ஊரில் சில்லறைக் கடை வைத்திருப்பவர். காஸா யுத்தம் தொடங்கி, பகிஷ்கரிப்புப் பட்டியல்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியபோது, அவர் கடனுக்கு எடுத்துப்போட்ட குளிர்பானம் பெட்டி பெட்டியாகத் தேங்கியது. திகதி முடிந்த பிறகு அதைக் கானில் ஊற்றினார்கள். ஊற்றியவன் இந்தப் பிள்ளைதான். அந்தப் பட்டியலை ஊர்க் குழுவில் பகிர்ந்தவர்களில் நாங்களும் அடக்கம்.

அன்று பாட நேரம் முடிந்துவிட்டது. பதிலை வீட்டுக்குக் கொண்டு வந்து இரவு முழுக்கப் பேசினோம். பேசியதை இங்கே எழுதுகிறோம்.

முதலில், பகிஷ்கரிப்பு பலன் தருமா? தந்திருக்கிறது. 1955 டிசம்பர் 5 ஆம் திகதி அமெரிக்காவின் மொன்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார்கள். பஸ் பயணிகளில் பெரும்பாலானோர் அவர்கள்தான். 381 நாட்கள் நடந்தார்கள், வாகனங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். பஸ் கம்பனியின் வருமானம் விழுந்தது. ஆனால் முடிவைத் தந்தது உயர் நீதிமன்றத் தீர்ப்பு. வெறும் கோபத்தோடு நிற்காமல் வழக்கும் போட்டிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை மக்களை ஒன்றாக வைத்திருந்தது அந்த நடை.

தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சிக் காலத்தில் பார்க்ளேஸ் வங்கி அங்கே பெரிதாக வியாபாரம் செய்தது. பிரித்தானியாவின் பல்கலைக்கழக மாணவர்கள் அந்த வங்கியில் கணக்குத் திறக்க வேண்டாம் என்று வருடக்கணக்கில் பிரசாரம் செய்தார்கள். மாணவரிடம் என்ன காசு இருக்கப்போகிறது? ஆனால் இன்றைய மாணவன் நாளைய சம்பளக்காரன் என்பது வங்கிக்குத் தெரியும். 1986 இல் பார்க்ளேஸ் தென்னாபிரிக்காவிலிருந்து வெளியேறியது.

நமது காலத்துக்கு வருவோம். இஸ்ரேலில் மக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய உள்ளூர் நிறுவனம் 2023 ஒக்டோபரில் இராணுவத்தினருக்கு இலவசமாக உணவு கொடுத்தது. முஸ்லிம் நாடுகளில் விற்பனை விழுந்தது. 2024 ஜனவரியில் தலைமை நிறைவேற்று அதிகாரியே வியாபாரம் பாதிக்கப்பட்டிருப்பதை ஏற்றுக்கொண்டார். ஏப்ரலில், இஸ்ரேலில் இருந்த 225 கடைகளையும் அந்த உள்ளூர் நிறுவனத்திடமிருந்து தாங்களே திரும்ப வாங்கப்போவதாக அறிவித்தார்கள். ஆக, கம்பனிக்குத் தெரியவந்தது. ஆனால் யுத்தம் அதனால் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2024 மார்ச்சில் இலங்கையில் இருந்த 12 மக்டொனால்ட்ஸ் கடைகளும் மூடப்பட்டன. "அல்ஹம்துலில்லாஹ், பகிஷ்கரிப்புக்கு வெற்றி" என்று முகநூல் நிறைந்தது. நாங்களும் பகிர்ந்தோம். உண்மையில் அது தரம் சம்பந்தமாகத் தாய்க் கம்பனிக்கும் இங்கே கடை நடத்தியவர்களுக்கும் இடையில் நடந்த ஒப்பந்தத் தகராறு. நாங்கள் பதிவை அழித்தோம், ஆனால் பிழை என்று எழுதவில்லை. இன்று எழுதுகிறோம். நடக்காத வெற்றியைக் கொண்டாடினால், நடக்கும் வெற்றியையும் நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

இதுவரை சொன்னது நாம் பகிஷ்கரித்த கதை. நம்மைப் பகிஷ்கரித்த கதையும் இருக்கிறது.

எங்கள் நானா ஒரு சிங்கள ஊரில் புடவைக்கடை வைத்திருந்தார். 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் நடந்தபோதே வியாபாரம் ஆட்டம் கண்டது. பிறகு சரியானது. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளுக்குப் போகவேண்டாம் என்ற செய்தி போன் போனாகப் போனது. பெருநாளை நம்பி எடுத்த துணி அப்படியே மடித்தபடி கிடந்தது. கடையில் வேலை செய்த ஒன்பது பேரில் ஐந்து பேர் சிங்களப் பிள்ளைகள். முதலில் சம்பளம் இல்லாமல் போனது அவர்களுக்குத்தான்.

ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர் ஒருவர் மட்டும் போயாவுக்கு முதல் நாள் தவறாமல் வந்து, சில் எடுப்பதற்கு என்று வெள்ளைத் துணி வாங்கிப் போவாராம். "அந்த மனிசிக்கு எத்தனை வெள்ளை உடுப்புத் தேவை?" என்று நானா சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார். அடுத்த வருடம் கடையைக் கைவிட்டார்.

அன்றிரவு எங்களை நித்திரை கொள்ளவிடாத கேள்வி இதுதான். அவர்கள் செய்ததும் பகிஷ்கரிப்பு, நாம் செய்வதும் பகிஷ்கரிப்பு. என்ன வித்தியாசம்? நம்முடையது நியாயம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

யோசித்துப் பார்த்ததில் எங்களுக்குப் பட்டது இவ்வளவுதான்: நானா என்ன செய்திருந்தால் அவர்கள் திரும்பி வந்திருப்பார்கள்? அதற்குப் பதிலே இல்லை. அவரிடம் எந்தக் கோரிக்கையும் வைக்கப்படவில்லை. அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை ஒதுக்கவில்லை, பிறந்த வீட்டுக்காக ஒதுக்கினார்கள். மொன்ட்கோமரியில் பஸ் கம்பனிக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். பார்க்ளேஸுக்கும் தெரியும். இதைச் செய், நாங்கள் திரும்பி வருகிறோம் என்று ஒரு கதவு திறந்திருந்தது. கதவு இல்லாத பகிஷ்கரிப்பு தண்டனை மட்டும்தான். அது பலனும் தராது, ஏனென்றால் பணிவதற்கே அங்கே வழி இல்லை.

நம்முடைய பட்டியல்களில் இந்தக் கதவு இருக்கிறதா? சவர்க்காரம் முதல் பிஸ்கட் வரை ஐம்பது, அறுபது பெயர்கள். எந்தக் கம்பனி என்ன செய்தது, எதைச் செய்தால் நிறுத்துவோம் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு மாதம் சூடாக இருந்தது. மூன்றாம் மாதம் கல்யாண வீட்டு மேசையில் அதே சோடா.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். அவர் கோபப்படவில்லை. "சேர், பலஸ்தீனுக்காக என்டா நட்டப்படவும் நான் ரெடி. ஆனா முந்தி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, ரெப் வந்த நேரம் ஓடர் போடாம விட்டிருப்பேனே!"

பிள்ளையின் கேள்விக்குப் பதில் அதிலேயே இருந்தது. கடையில் வாங்கி வைத்த போத்தலுக்குக் கம்பனி காசு எடுத்து முடிந்துவிட்டது. அதைக் குடிக்காமல் விட்டால் நட்டம் கடைக்காரருக்கு. ரெப்பின் ஓடர் புத்தகத்தில் இடம் வெறுமையானால்தான் விநியோகஸ்தருக்குத் தெரியும், பிறகு கொழும்புக்குத் தெரியும், அங்கிருந்து மேலே போகும். ஒரு ஊரின் கடைகள் சேர்ந்து ஓடர் கொடுக்காமல் விட்டால் அது ஒரு இலக்கமாகப் பதியும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. ஐம்பது பெயர் வேண்டாம். ஆதாரம் உள்ள ஒன்றோ இரண்டோ போதும். என்ன கேட்கிறோம் என்று எழுதி அந்தக் கம்பனிக்கும் அனுப்புவோம். கடைக்காரர்களை முதலில் கூப்பிட்டுப் பேசுவோம், கையில் இருக்கும் சாமானை முடிக்க அவகாசம் கொடுப்போம். கேட்டது நடந்தால் நிறுத்திவிட்டோம் என்றும் பகிரங்கமாகச் சொல்வோம். அங்கே வேலை செய்பவர்களை ஏசாமல் இருப்போம்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு ஓடர் புத்தகத்தின் கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த முறை வாப்பாக்கிட்ட முதல்ல சொல்லுவீங்களா, சேர்?" என்றான்.

சொல்வோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊர் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.