தோற்றவருக்கும் ஒரு கோயில்... கடலூர் டு சிதம்பரம், ஒரு சண்டை ரசிகனோடு!

கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு சுமார் 45 கிலோமீட்டர். காலையில் கடலூர், மாலையில் சிதம்பரம் என ஒரே நாளில் இரண்டு ஊர்களையும் பார்த்துவிடலாம். கடற்கரை, பழைய கோட்டை, தேவாரத் தலம், நடராஜர், கத்தரிக்காய் கொத்சு என்று பார்க்கவும் சாப்பிடவும் நிறைய உண்டு. ஆனால், நான் போனது ஒரு சண்டை ரசிகனோடு. அதனால் வழி முழுக்க ஒரு கேள்வியும் கூடவே வந்தது. தோற்றுப்போன பிறகும் சிலரை நாம் ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம்?

அந்த ரசிகன் என் தம்பி. காலேஜ் செகண்ட் இயர். அவன் மொபைலைத் திறந்தால் வால்பேப்பரில் இருப்பது நடிகரும் இல்லை, கிரிக்கெட் வீரரும் இல்லை. ஃபெடோர் எமிலியானென்கோ. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ என எல்லாம் கலந்த மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ் போட்டியில், ஹெவிவெயிட் பிரிவின் ஜாம்பவான். 1976-ல் இன்றைய உக்ரைனில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்தவர். 2003-ல் ஜப்பானின் 'பிரைடு' போட்டியில் சாம்பியன் ஆனார். 2000 டிசம்பரில் இருந்து 2010 ஜூன் வரை அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் தோத்தாருக்கா. நிறைய தடவை தோத்தாரு. அதனால என்ன?"

சில்வர் பீச்சில் ஒரு வீடியோ

கடலூரில் முதலில் போனது தேவனாம்பட்டினம் சில்வர் பீச். நீளமான, அகலமான மணல்வெளி. ஓடுபவர்கள், கபடி ஆடும் பையன்கள், மணலில் தண்டால் எடுப்பவர்கள் என்று உடம்பைப் பழக்குபவர்களுக்கு ஏற்ற இடம். ஃபெடோரின் பயிற்சியும் ஏறக்குறைய இப்படித்தான் என்று தம்பி வீடியோ போட்டுக் காட்டினான். பளபளக்கும் ஜிம் இல்லை. பழைய டயரை சம்மட்டியால் அடிக்கிறார், வெட்டவெளியில் ஓடுகிறார். ஆறடி உயரம், சுமார் 105 கிலோ எடை. ஹெவிவெயிட்டில் இது பெரிய உடம்பே இல்லை. கட்டுக்கட்டான தசையும் கிடையாது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பக்கத்து வீட்டு மாமா மாதிரி இருக்கிறார்.

அடுத்த வீடியோ 2004 ஜூனில் நடந்தது. கெவின் ராண்டில்மேன் என்பவர் ஃபெடோரை இடுப்போடு பிடித்துத் தூக்கி, பின்பக்கமாகத் தலைகீழாகத் தரையில் அறைகிறார். கழுத்து போயிருக்கும் என்றுதான் நினைப்போம். அதே வேகத்தில் புரண்டு எழுந்து, எதிராளியின் கையை மடக்கிப் பிடித்து ஜெயித்துவிடுகிறார். மொத்த சண்டையும் ஒன்றரை நிமிடம்தான்.

நம் ஊருக்கு ஹெவிவெயிட் ரசனை புதிது இல்லை. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். முதல்வர் எம்.ஜி.ஆரும் மேடையில் இருந்தார். அலி தன் கடைசி இரண்டு சண்டைகளிலும் தோற்றவர். முதல் தோல்வி அதே 1980-ல், அடுத்தது 1981-ல். அலியின் படத்தை வீட்டில் மாட்டி வைத்தவர்கள் அதற்காக அதைக் கழற்றிவிடவில்லை.

கோட்டையும் கரையும்

பீச்சுக்குப் பக்கத்திலேயே, கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-ல் செஞ்சி மராட்டியர்களிடம் இருந்து கிழக்கிந்திய கம்பெனி விலைக்கு வாங்கிய கோட்டை. அந்த ஒப்பந்தம் விசித்திரமானது. கோட்டையில் இருந்து பீரங்கியைச் சுடுவார்கள். குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தம். அவற்றுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தையே நடுங்கவைத்த இடம். இன்று அதற்கு ரசிகர் என்று ஒருவரும் இல்லை.

அதே கடலூரில், கையில் ஆயுதமே இல்லாத ஒருவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ரசிகர்கள் உண்டு. அப்பர் என்கிற திருநாவுக்கரசர். பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டான் என்றும், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடத்தின் பெயர், கரையேறவிட்ட குப்பம். ஒவ்வொரு சித்திரையிலும் அங்கே விழா எடுக்கிறார்கள்.

அப்பர் யாரையும் அடிக்கவில்லை. அடி வாங்கினார், எழுந்து வந்தார். பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் இதைச் சொன்னபோது தம்பி மெதுவாகத் தலையாட்டினான். "2010-ல முதல் தடவை பெருசா தோத்தப்போ ஃபெடோரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாருக்கா. விழாதவன் எழுந்திரிக்கவும் மாட்டான்னு." ஃபாப்ரிசியோ வெர்டும் என்ற பிரேசில் வீரரிடம் அன்று 69 விநாடிகளில் தோற்றிருந்தார்.

சிதம்பரத்தில் ஒரு போட்டி

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ் போகிறது. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம். மதியம் நடராஜர் கோயில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தை இட்லிக்கும் கொத்சுக்கும் கொடுத்துவிடுவது உத்தமம். சுட்ட கத்தரிக்காய் வாசனையோடு வரும் அந்தக் கொத்சை வேறு ஊரில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாலும் இந்த ருசி வராது.

மாலையில் கோயிலுக்குள் போனதும், கோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவர்களிலும் நாட்டியக் கரணங்களின் சிற்பங்களைப் பாருங்கள். அப்படியே உள்ளே, கொடிமரத்துக்கு அருகில் தேர் வடிவத்தில் இருக்கும் நிருத்த சபைக்கு வந்துவிடுங்கள். சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி நடந்தது இங்கேதான் என்பது தல வரலாறு.

சிவன் ஆடிய ஒவ்வொன்றையும் காளியும் ஆடிவிட்டாள். கடைசியில் சிவனின் காதில் இருந்து குழை கீழே விழுந்தது. அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டினார். அதுதான் ஊர்த்துவ தாண்டவம். பெண் என்பதால் காளி நாணி நின்றுவிட்டாள். போட்டியில் தோற்றதாகத் தீர்ப்பானது.

"இது நியாயமான தோல்வியா?" என்று தம்பியிடம் கேட்டேன். ஆட முடியாமல் தோற்பது வேறு, ஆடக் கூடாது என்று நின்றதால் தோற்பது வேறு இல்லையா?

அவனுக்கு உடனே 2000 டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது. ஜப்பானில் சுயோஷி கோசாகா என்ற வீரருடன் சண்டை. விதிப்படி முழங்கையால் இடிக்கக் கூடாது. ஆனால் இடிபட்டு ஃபெடோரின் நெற்றியில் ரத்தம். அது நாக் அவுட் தொடர் என்பதால் யாராவது ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயாக வேண்டும். 17 விநாடிகளில் சண்டையை நிறுத்தி, ஃபெடோர் தோற்றதாக எழுதிவிட்டார்கள். அவருடைய ரசிகர்கள் அதைத் தோல்விக் கணக்கில் சேர்க்க இன்றுவரை சம்மதிப்பதில்லை. காளி கதையைக் கேட்கும் பெண்கள் பலரும் அப்படித்தான். தீர்ப்பைக் கேட்டுக்கொள்வார்கள், மனசுக்குள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜெயித்தவரைப் பார்த்த பிறகு...

தோற்ற காளி கோபத்தோடு ஊரின் எல்லைக்குப் போனாள் என்கிறது கதை. நடராஜர் கோயிலுக்கு வடக்கே இருக்கிறது தில்லைக் காளி கோயில். 13-ம் நூற்றாண்டில் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் கட்டியது என்கிறார்கள். சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனையே சிறைபிடித்தவன் அவன். பிறகு ஹொய்சளப் படை வந்து அவனைப் பணியவைத்தது. வெற்றி, தோல்வி இரண்டையும் பார்த்தவன்.

கோயிலுக்குள் அம்மன் இரண்டு வடிவங்களில் இருக்கிறாள். ஒன்று உக்கிரமான தில்லைக் காளி. இன்னொன்று, கோபம் தணிந்து நான்கு முகத்தோடு அமர்ந்திருக்கும் பிரம்ம சாமுண்டேஸ்வரி. நடராஜரைப் பார்க்க வருகிறவர்கள் காளியையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும் என்பது இங்கே வழக்கம். நல்லெண்ணெயும் குங்குமமும் மணக்கும் அந்தச் சந்நிதியில், இவள் தோற்றவள் என்று யாரும் நினைத்துக் கும்பிடுவதாகத் தெரியவில்லை. அவளிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறவர்கள்தான் அதிகம். தோல்வி தெரிந்தவளிடம் அதைச் சொல்வது சுலபம் போலிருக்கிறது.

கோயில் வாசலில் தம்பி இரண்டு சம்பவங்களைச் சொன்னான். 2006 அக்டோபர், லாஸ் வேகாஸ். மார்க் கோல்மன் என்ற அமெரிக்க வீரரை ஃபெடோர் வீழ்த்தினார். வீங்கிய முகத்தோடு இருந்த அப்பாவைப் பார்த்து, கோல்மனின் இரண்டு சின்ன மகள்களும் ரிங்குக்குள் வந்து அழுதார்கள். கோல்மன் அவர்களை ஃபெடோரிடமே கூட்டிப்போய், அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொன்னார்.

அடுத்தது 2023 பிப்ரவரி 4, கலிஃபோர்னியா. 46 வயது ஃபெடோரின் கடைசிச் சண்டை. 2019-ல் 35 விநாடிகளில் தன்னை வீழ்த்திய ரையன் பேடருடன் மறுபடியும் மோதி, முதல் சுற்றிலேயே தோற்றார். கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்தபோது, பழைய ஜாம்பவான்கள் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள். 2011-ல் அவரை ஜெயித்த டான் ஹெண்டர்சன் அதில் இருந்தார். அவரிடம் இரண்டு முறை தோற்ற கோல்மனும் இருந்தார்.

சிதம்பரம் போகிறவர்கள் நடராஜர் தரிசனம் முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். வடக்கே ஒரு ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்கள்தான். வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் அதிகமாக இருக்கும். கொஞ்சம் காத்திருந்து காளியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.