வெளிச்ச ஊரில் ஒளிரும் நத்தை

அன்புள்ள முருகேசனுக்கு,

நியூசிலாந்து வைட்டோமோ குகைக்குப் போய் ஒளிப்புழுக்களைப் படமெடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஒன்று தெரிந்துகொள், சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப்போகும் அந்தப் பெரிய குகையில் படமெடுக்க அனுமதி கிடையாது. நான் இப்போது வந்திருக்கும் சிங்கப்பூரில் அந்த மாதிரிக் குகையே இல்லை. ஆனாலும் இருட்டில் தானாக ஒளிரும் ஓர் உயிர் இங்கே இருக்கிறது. அதைத் தேடித்தான் கேமராவோடு வந்தேன். அது ஒரு நத்தை.

குவாண்டுலா ஸ்ட்ரியாட்டா என்று பெயர். நம் தோட்டத்து நத்தையைவிடச் சிறியது, பழுப்பு ஓடு. பூங்கா, புதர், வீட்டுத் தோட்டம் எங்கும் இருப்பதால் பகலில் பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதன் ஒளியை முதலில் கண்டறிந்தவர் ஜப்பானிய அறிவியலாளர் யாட்டா ஹனேடா. சிங்கப்பூரை ஜப்பானியர் பிடித்து ‘சியோனான்’ என்று பெயர் மாற்றி வைத்திருந்த காலம் அது. ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் பொறுப்பில் அவர் இருந்தார். நத்தையின் வாய்க்குக் கீழே, பாதத்தின் முன்பகுதியில் இருக்கும் ஒளியுறுப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனதும் அதே ஆட்சிதான். அந்த நாட்களில் ஒருவர் புல்தரையில் குனிந்து நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கண்டுபிடிப்பு பெரியது, காலம் கொடியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், தரையில் வாழும் நத்தைகளில் ஒளிர்வது இது ஒன்றுதான் என்று உலகம் நம்பியது. 2023இல்தான் தாய்லாந்து ஆய்வாளர்கள் வேறு சில நத்தைகளும் ஒளிர்வதை எழுதினார்கள்.

தங்கியிருப்பது தேக்காவில். லிட்டில் இந்தியாவை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நள்ளிரவிலும் முஸ்தஃபா பேரங்காடிப் பக்கம் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சிராங்கூன் சாலை தீபாவளிக்கு அலங்கார வளைவுகளோடு எப்படி ஜொலிக்கும் என்று நீயே படங்களில் பார்த்திருப்பாய். 2016இல் வெளியான உலக இரவு வானப் பிரகாச வரைபடம், ஒளி மாசு மிகுந்த நாடு என்று சிங்கப்பூரைத்தான் முதலில் வைத்தது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழகவே முடியாத அளவுக்கு இங்கே வானம் வெளிச்சமாக இருக்கிறதாம். இந்த ஊரில்தான் அந்த நத்தை வாழ்கிறது.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி மாலை ஏழு மணிக்கு மூடப்படும். அதனால் ரயில் காரிடாருக்குப் போனோம். 2011 ஜூனோடு மலாயா ரயில் நின்றுபோன பழைய தடம் அது. இப்போது நடைபாதை. லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் தடத்தில் ஏறினால் மாறாமல் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கலாம். கூட வந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன். சிறு வயதில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்லில் இந்த ஒளியைப் பார்த்தவர். “தம்பி, டார்ச்சை அணைச்சிட்டுச் சும்மா நில்லு. இருபது நிமிஷமாவது ஆகணும், அப்பத்தான் கண்ணுக்குப் புலப்படும்” என்றார். அப்படியே ஆயிற்று. சருகுக்கு நடுவே மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு புள்ளி. தெரிந்தது, மறைந்தது, சற்றுத் தள்ளி மறுபடி தெரிந்தது. குட்டி நத்தை. முட்டையிலேயே ஒளி தொடங்கிவிடும், இளசுகளிடம் நன்றாகத் தெரியும், வளர்ந்தவற்றில் பலவற்றிடம் அணைந்துபோகும். ஊர்ந்து போகும்போதுதான் இந்த மினுக்கல். ஓட்டுக்குள் சுருண்டுவிட்டால் ஒன்றும் இல்லை. ஒன்றையொன்று அறிந்து ஓரிடத்தில் சேர்வதற்கான சைகை இது என்று ஆய்வு செய்தவர்கள் கருதுகிறார்கள்.

இனி உனக்கு வேண்டிய விஷயம். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே வெளிக்காற்றில் அரைமணி வைத்துவிட்டுத்தான் திற. முக்காலி இல்லாமல் வேலை நடக்காது. ஃபோகஸைத் தானியங்கியில் விடாதே. மங்கலான விளக்கைக் கணநேரம் காட்டி, கையாலேயே திருகிப் பிடித்து அப்படியே விட்டுவிடு. லென்ஸை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 3200, 30 விநாடி என்று ஆரம்பித்துப் பார். நத்தை நகர்ந்துகொண்டே மினுக்குவதால் படத்தில் ஒளி ஒரே புள்ளியாக விழாது. ஊர்ந்த வழியெங்கும் கோத்த மணிகளாக விழும். உடலும் தெரிய வேண்டுமென்றால், தொடர்ந்து மங்கல் விளக்கில் இன்னொரு படம் எடுத்து இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒளிரும் காளான் அசையாது, அதற்கு நிமிடக் கணக்கில் திறந்து வைக்கலாம். ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதம். முப்பது விநாடி சேகரித்த வெளிச்சத்தைப் படம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. பார்ப்பவர்கள் நத்தை பல்பு மாதிரி எரியும் என்று நம்பிவிடுவார்கள். உண்மையில் பக்கத்தில் யாராவது கைப்பேசியைத் திறந்தாலே அந்த ஒளி காணாமல் போகிறது. அதனால் எத்தனை விநாடி, எத்தனை படம் சேர்த்தது என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதப்போகிறேன். நீயும் எழுது. எந்தப் புதர் என்று மட்டும் எழுதாதே. பத்துப் பேர் டார்ச்சோடு வந்து நின்றால் அந்த இடம் போய்விடும்.

மின்மினி விஷயம் இன்னும் ஆச்சரியம். நீ சூன் சதுப்புக் காட்டில் கிடைத்த ஒரு மின்மினி புதிய இனம் என்று உறுதியாகி, 2021இல் லூசியோலா சிங்கப்பூரா என்று பெயர் பெற்றது. 1909க்குப் பிறகு இந்த ஊரில் கண்டறியப்பட்ட முதல் லூசியோலா பேரின மின்மினி அது. இங்கே மிஞ்சியிருக்கும் ஒரே நன்னீர்ச் சதுப்புக் காடு நீ சூன். அந்தக் காட்டை விட்டுவைத்திராவிட்டால், பெயர் வைக்க அந்தப் பூச்சியே இருந்திருக்காது. வெளிச்சத்தில் உலகத்தையே முந்திய நகரம் ஒரு துண்டு இருட்டைக் காப்பாற்றியிருக்கிறது, இன்னும் அதிகமாகக் காப்பாற்ற வேண்டும்.

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு நீ நியூசிலாந்தைப் பற்றிப் பேசுவதுதான் எனக்கு ஆற்றாமை. உன் பக்கத்திலேயே இருக்கும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மின்மினிகள் கோடிக்கணக்கில் ஒரே தாளத்தில் மினுக்கியதை 2022இல் வனத்துறையினரும் காட்டுயிர்ப் படக்கலைஞர் ஸ்ரீராம் முரளியும் பதிவு செய்தார்கள். மழைக்கு முந்தைய மாதங்கள்தான் அதற்குப் பருவம். இரவில் உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று இப்போதே விசாரித்து வை. ஏப்ரலில் நான் ஊரில் இருப்பேன். முக்காலி என்னுடையதே போதும், நீ வாங்காதே.

அன்புடன்,
இளங்கோ