ரோபோ தானாக அறுப்பதில்லை
ரோபோ அறுவை சிகிச்சை என்றதும் இயந்திரமே அறுத்துவிடும் என்று நோயாளிகள் அஞ்சுவதுண்டு. அது தானாக எதுவும் செய்யாது. அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்ற டாவின்சி கருவியில், மருத்துவர் சில அடி தள்ளி அமர்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். வயிற்றில் கரியமில வாயு நிரப்பி, சுமார் 8 மில்லிமீட்டர் துளைகள் வழியே நுழைத்த கருவிகள் அந்த அசைவைச் சிறிதாக்கிப் பின்பற்றுகின்றன; கைநடுக்கம் உள்ளே போவதில்லை. மணிக்கட்டுபோல் வளையும் அவற்றின் நுனி, இடுப்புக்குழியின் ஆழத்தில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை எடுத்தபின் தையல் போடப் பெரிதும் கைகொடுக்கிறது. கருவியைவிட முக்கியம், அதில் அந்த மருத்துவருக்கு உள்ள அனுபவம். நோயாளி அதைத் தயங்காமல் கேட்கலாம். சிக்கல் வந்தால் வயிற்றைத் திறக்கவும் நேரலாம். விழித்தபின் தோள்பட்டை வலிப்பதும் உண்டு: மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதே காரணம், பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.