பதினாறு சதுர அங்குலம்

சங்க மலருக்கு ஆண்டுதோறும் கட்டுரை திரட்டும் நண்பர் இம்முறை என்னிடமும் கேட்டார். இலக்கியம் பற்றி எழுதப் புலமை இல்லை, பயணக் கட்டுரை எழுதப் பயணமும் இல்லை என்று தட்டிக்கழித்தேன். "உங்கள் தொழிலைப் பற்றியே எழுதுங்களேன், இரவெல்லாம் விழித்திருந்து என்னதான் செய்கிறீர்கள் என்று எங்களுக்கும் தெரியட்டும்" என்றார். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் குடியிருப்போர்க்கும் அந்த ஐயம் நெடுநாளாக உண்டு. மாலையில் புறப்பட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் ஒரு பெண் என்ன வேலை பார்க்கக்கூடும்?

நான் காயங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஐரோலியில் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, அமெரிக்க நாட்டு நோயாளிகளுக்கு வழங்கப்படும் காஸ் துணி, ஒட்டுநாடா, கட்டுத்துணி ஆகியவற்றுக்குக் குறியீடு இட்டு, காப்பீட்டுக்குச் செல்லும் பட்டியலைச் சரிபார்ப்பது என் பணி. மருத்துவக் குறியீட்டாளர் என்பது பதவியின் பெயர். மருத்துவரா என்று கேட்ட ஊர்க்காரர் ஒருவரிடம் அல்ல என்றேன்; கணக்கரா என்றார்; அதுவும் முழு உண்மையன்று.

அந்நாட்டில் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு முதியோர்க்கென 1965இல் சட்டமாயிற்று. மருத்துவப் பொருள்களையும் பணிகளையும் குறிப்பதற்கான குறியீட்டுத் தொகுதி 1978இல் உருவாயிற்று. எங்கள் வாயில் அது 'ஹிக்பிக்ஸ்' என்று வழங்கும். ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் சேர்ந்தால் ஒரு பொருள். ஏ6402 என்றால் காஸ் துணி ஒன்று: மருந்து தோயாதது, கிருமி நீக்கியது, ஓரத்தில் பசை இல்லாதது, பரப்பு 16 சதுர அங்குலமோ அதற்குக் குறைவோ. அதே துணி கிருமி நீக்காததாயின் ஏ6216. 16ஐத் தாண்டி 48க்குள் நிற்குமாயின் ஏ6403. ஒட்டுநாடா ஏ4450, அதைத் துண்டுக் கணக்கில் எழுதலாகாது, 18 சதுர அங்குலத்துக்கு ஓர் அலகு. விரல் வெட்டுக்கு ஒட்டும் பிளாஸ்திரிக்கும் ஏ6413 என்று எண் உண்டு. ஆயினும் மெடிகேர் அதற்குக் காசு தருவதில்லை. பெயர் சூட்டிவிட்டுச் சோறு போடாத கதைதான்.

துணிக்கு எண் கிடைத்தால் மட்டும் போதாது; புண்ணுக்கும் தகுதி வேண்டும். அறுவையால் நேர்ந்த புண்ணாகவோ, அழுகிய தசையை நீக்கவேண்டி வந்த புண்ணாகவோ இருத்தல் வேண்டும். தோல் சிவந்த அளவில் நிற்கும் படுக்கைப்புண்ணுக்கு இடமில்லை. எவ்வகைத் துணி, என்ன அளவு, ஒரு முறைக்கு எத்தனை, எவ்வளவுக்கு ஒரு முறை மாற்றுவது, எத்தனை காலத்துக்கு என்பனவெல்லாம் மருத்துவ ஆவணத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையேனும் ஒருவர் புண்ணைப் பார்த்து நீளம், அகலம், ஆழம், கசிவின் அளவு ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். துணி புண்ணைவிட ஏறத்தாழ 2 அங்குலம் பெரிதாக இருக்கலாம்; 2 அங்குலப் புண்ணுக்கு 4 அங்குலத் துணி. நாலு நாலு பதினாறு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காஸ் துணிக்கு மேல் அடுக்குவது பெரும்பாலும் தேவைப்படாது என்றுகூட விதி பேசுகிறது. பயிற்சியின்போது இதைப் படித்து நாங்கள் சிரித்தோம். அடுக்கிப் பார்த்த எவரோ ஒருவர் இருந்ததால்தானே விதி பிறந்திருக்கும்!

2019ஆம் ஆண்டு முதியவர் ஒருவரின் கோப்பு என் திரைக்கு வந்தது. அவர் பெயரையோ ஊரையோ சொல்லச் சட்டம் இடங்கொடாது. இடங்கொடுத்தாலும் சொல்வது முறையன்று. நீரிழிவு, வலது குதிகாலில் புண். நாளொன்றுக்கு இரண்டாக 60 காஸ் துணி கேட்டிருந்தார்கள். மருத்துவர் ஆணை குறைவற இருந்தது. செவிலியின் குறிப்பில் மட்டும் 'புண் நன்கு ஆறிவருகிறது' என்ற ஒரே வரி. நீளமில்லை, அகலமில்லை, ஆழமில்லை. விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு அனுப்பினேன், 'கொயரி' என்போம். விடை வரவில்லை. குறித்த நாள்கள் கடந்தபின் 'ஆவணம் நிறைவுறவில்லை' என்று முத்திரையிட்டு அடுத்த கோப்புக்குச் சென்றேன். ஓர் இரவுக்கு இத்தனை கோப்பு என்று கணக்கு உண்டு. ஒன்றிலேயே நின்றுவிட முடியாது.

சில மாதங்கள் கழித்து அதே மனிதரின் கோப்பு மீண்டும் வந்தது. இம்முறையும் காஸ் துணிதான் கேட்டிருந்தார்கள். ஆனால் நோய்க் குறியீடுகளின் வரிசையில் இசட்89.511 என்று ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்று அதற்குப் பொருள். அறுவையின் புண் ஆதலால் தகுதி பற்றிய ஐயமே எழவில்லை. நீள அகலமும் இம்முறை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பினேன்.

காஸ் துணி வராததால் கால் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அன்று விடியலில் வண்டியில் வீடு திரும்புகையில் முலுண்டுப் பாலத்தின்மேல் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

2022 ஜூலையில் அப்பாவின் இடது குதிகாலில் கொப்புளம் கண்டது. புதுச் செருப்பு கடித்திருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. பதினெட்டு ஆண்டு நீரிழிவு, காலின் உணர்வைத் தின்றுவிட்டிருந்தது. ஊற்று வழிந்து காலுறை ஒட்டிக்கொண்டபோதுதான் அம்மா பார்த்தாள். மருத்துவமனையில் மூன்று நாள் வைத்து, கெட்ட தசையை நீக்கி அனுப்பினார்கள். காப்பீடு பெரும்பகுதியைத் தந்தது, ரூ. 2,310 தரவில்லை. எந்தெந்த வரி அடிபட்டது என்று பார்த்தேன். காஸ், பஞ்சு, ஒட்டுநாடா, கையுறை, கிரேப் கட்டு! அவை அனைத்தும் நான் இரவெல்லாம் எண்ணிட்டுக்கொண்டிருக்கும் பொருள்கள். நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2020ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, காஸும் பஞ்சும் நாடாவும் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்க வேண்டியவை என்றது; கையுறையும் கிரேப் கட்டும் தரத்தக்கன அல்லாத பட்டியலில் இருந்தன. மருத்துவமனை அவற்றைத் தனித்தனியே விலையிட்டது. காப்பீடு அவற்றைத் தனித்தனியே அடித்தது. இடையில் நின்ற நாங்கள் கொடுத்தோம். தொகை பெரிதன்று. வழக்காட மனமுமில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. கையில் தந்த விடுவிப்புக் குறிப்பில் 'இடது குதிகாலில் புண். கட்டு மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் திருப்பியனுப்பிவரும் அதே வாசகம். பழக்கத்தால் மனம் தானாகக் குறியீட்டைக் கோத்தது. இ11.621, நீரிழிவும் பாதப் புண்ணும். அடுத்து எல்97.42, இடது குதிகால். கடைசி இலக்கம் ஆழத்தைச் சொல்ல வேண்டும்: தோலளவு 1, கொழுப்பு தெரிந்தால் 2, தசை அழுகினால் 3, எலும்பு அழுகினால் 4. எழுதாமல் விட்டிருந்தால் 9. அப்பாவின் காலுக்கு நான் இடக்கூடிய எண் 9இல் முடிந்தது.

அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஞாயிறுதோறும் கட்டு மாற்றும்போது ஸ்பிரிட்டில் துடைத்த அளவுகோலைப் புண்ணில் படாமல் பிடித்து நீளமும் அகலமும் குறித்தேன். ஆழம் பார்ப்பது என் கைக்கு உரியதன்று. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. 1969இல் நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, 1982 வேலைநிறுத்தத்தில் தறி நின்றுபோகும்வரை பஞ்சாலையில் நெய்தவர் அவர். "நான் என்ன காடாத் துணியா, முழம்போட்டுப் பாக்க?" என்றார். கடையில் வாங்கிய காஸ் துணியை வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்குப் பேரு துணியா? சல்லடைல்லா இது! அங்குலத்துக்கு இருபது இழை தேறாது" என்று குறை சொன்னார். அது பத்து சென்டிமீட்டர்ச் சதுரம். பதினைந்தரைச் சதுர அங்குலம், ஏ6402 என்றேன். இழைக்கணக்கு இல்லாமல் துணிக்கு எப்படி நம்பர் போட்டான் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

முதல் ஞாயிறு 2.4க்கு 1.8 சென்டிமீட்டர். அடுத்தது 2.3க்கு 1.8. மூன்றாம் வாரம் புண் சிவந்து தூய்மையாகத் தெரிந்தது. அம்மா ஆறிவருகிறது என்றாள். கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துபோன தம்பியும் அதையே சொன்னான். கண்ணுக்கு எனக்கும் அப்படித்தான் பட்டது. அளவுகோல் 2.6க்கு 2.0 என்றது. இருமுறை அளந்தேன். திங்களன்று விடுப்பு எடுத்து அப்பாவை அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் சலாகையால் எலும்பைத் தொடுகிறதா என்று பார்த்தார்; தொடவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "காலை ஊன்றுகிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உறங்கும் காலைவேளையில் நாள்தோறும் நிலையம்வரை நடந்து, நம்மூர்க்காரர் கடையில் தேநீர் அருந்திவந்திருக்கிறார். வலிக்காத காலை எவ்வாறு காப்பது? பாதம் முழுதும் பொருந்தும் மாவுக்கட்டு ஒன்று போட்டு, வாரந்தோறும் மாற்றினார்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவு கேட்டு வாங்கி எழுதினேன். நவம்பர் இறுதியில் 0.4க்கு 0.3. டிசம்பரில் எழுத ஒன்றுமில்லை.

ஆழமோ நீளமோ இல்லாத கோப்பு வந்தால் இப்போது நான் ஒரு கொயரியோடு நிறுத்துவதில்லை. இரண்டாவது அனுப்புகிறேன், அதற்கும் விடை இல்லையென்றால், செவிலியரைத் தொலைபேசியில் அழைக்க உரிமையுள்ள பிரிவுக்கு எழுதி, அவர்கள் அழைக்கும்வரை கோப்பை மூடாமல் வைத்திருக்கிறேன். இதனால் ஓர் இரவுக்கு நான் முடிக்கும் கோப்புகள் குறைந்துவிட்டன. சென்ற மாத மதிப்பீட்டில் அதைச் சுட்டிக்காட்டி, காரணம் எழுதித் தருமாறு மேலாளர் கேட்டிருக்கிறார். பாதி எழுதி வைத்திருக்கிறேன்.