தீப்புண்ணும் புற்றுமண்ணும்

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசும் புற்றுமண்ணும் தான் நினைவுக்கு வரும். (பிரியாணியும் வரும், அது வேறு கதை!) சங்கரநாராயணர் கோவிலில் தரும் புற்றுமண்ணை நெற்றியில் இடுவார்கள், சொறி சிரங்கு வந்தால் உடம்பிலும் பூசுவார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் வெந்த புண்ணில் மட்டும் எந்த மண்ணும் படக்கூடாது. தோல் உரிந்த இடத்தில் கிருமி நேராக உள்ளே போகும். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கூட வரலாம்.

மண் மட்டுமா? பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் அப்புகிறோம். நீல மை பூசிப் போனால் புண் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்கே தெரியாது. முதலில் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அது இன்னொரு சித்திரவதை.

சரி, என்ன தான் செய்வது? தண்ணீர், அவ்வளவு தான். சோறு வடிக்கும்போது கஞ்சி காலில் கொட்டிவிட்டால் உடனே குழாயடியில் காலை நீட்டி 20 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். அடுப்பை விட்டு விலகிய பிறகும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், அதைத் தணிக்கத் தான் இது. குழாயில் தண்ணீர் வராத நாளா? குடத்திலிருந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கலாம். 3 மணி நேரம் கழித்துச் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது தோலை மேலும் கெடுக்கும். "தண்ணி பட்டா கொப்புளம் போடும்" என்று பாட்டிமார் தடுப்பார்கள். கொப்புளம் வருவது சூட்டால், தண்ணீரால் அல்ல. வந்த கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிப்போன துணியைப் பிய்க்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். கிருமி நீக்கிய வாழையிலை புண்ணில் ஒட்டாது என்பதால் அதை வைத்துக் கட்டலாம் என்று மும்பை மருத்துவர்கள் 2003ல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

பட்டாசு ஆலை விபத்து என்றால் முதல் வேலை விலகி நிற்பது. 2012 செப்டம்பர் 5ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவவும் பார்க்கவும் ஓடிப்போனவர்கள்.

முகம், கை, மூட்டு வெந்தாலோ, உள்ளங்கை அளவை விடப் பெரிதாக இருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றலாம். சின்னக் குழந்தை என்றால் புண்ணில் மட்டும் ஊற்றி, மற்ற இடத்தைப் போர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் நடுங்கிவிடும்.