ஒரு ஊசி நூல்

2023 ஜனவரியில் பத்ம விருதுப் பட்டியல் வெளியானபோது ஒரு பெயரைக் கத்தரித்து டைரிக்குள் வைத்தேன். பிரீதிகணா கோஸ்வாமி. மேற்கு வங்கம், தெற்கு 24 பர்கானா மாவட்டத்துச் சோனார்பூர்க்காரர். பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தா வேலைக்காக 2001இல் தேசிய விருது பெற்றவருக்கு இப்போது பத்மஸ்ரீ. அடுத்த ஆண்டே அதே வேலைக்காகத் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியையும் கத்தரித்தேன். இரண்டு துண்டுக் காகிதங்களும் பிறகு அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குப் போயின. அங்கே ஒரு மேட்டித் துணி இருந்தது.

அது அம்மா தொடங்கிய கிராஸ் ஸ்டிச். இரண்டு கிளிகளில் ஒன்று முழுசாக முடிந்திருந்தது, இன்னொன்றுக்கு வால் இல்லை. கடைசி வரிசையில் எல்லாத் தையல்களும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. இந்தத் தையல் போட்டவர்களுக்குத் தெரியும்: ஒரு வரிசை முழுக்கச் சாய்கோடாகப் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போதுதான் குறுக்கே இன்னொரு கோடு விழுந்து பெருக்கல் குறியாகும். அம்மா போனாள், திரும்பி வரவில்லை. ஊசி குத்தியபடியே துருவேறிக் கிடந்தது.

சென்ற டிசம்பரில் அலிப்பூரிலிருந்து தோழி அழைத்தாள். "எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற மாஷி நல்லா காந்தா தைக்கிறவங்க. நீ வந்து பார்க்கணும்." பெட்டியில் துணிமணிக்கு நடுவே அந்த மேட்டித் துணியையும் வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

அலிப்பூர் கொல்கத்தாவின் பெரிய வீடுகளின் பேட்டை. பெல்வெடர் மாளிகை வளாகத்தில் தேசிய நூலகம், 1876இல் திறந்த மிருகக்காட்சிசாலை, கோர்ட், உயர்ந்த மதில்கள், மதில்களுக்கு மேலே பழைய மரங்கள். இதே அலிப்பூர்தான் தெற்கு 24 பர்கானாவின் தலைநகரம். அந்த மாவட்டமோ சுந்தரவனத்துச் சதுப்புக் காடுவரை நீள்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் விடியுமுன் லோக்கல் ரயிலில் பெண்கள் வந்து இந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள், சமைக்கிறார்கள், குழந்தை பார்த்துக்கொள்கிறார்கள். மாஷியும் கானிங் ரயிலில் வருகிறார். பாலிகஞ்சில் இறங்கி பஸ் பிடிக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வங்காளத்தில் எல்லோரும் சொல்வதுபோல் மாஷி, சித்தி, என்றே எழுதுகிறேன்.

காலையில் இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் தோழி வீட்டுப் பின்கட்டு வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தார். டிசம்பர் வெயில் காலில் விழுந்தது. மடியில் ஒரு டசர் பட்டுப் புடவை. அதில் நீல நிறத்தில் மீனும் தாமரையுமாக அச்சுக் கோடுகள். மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. வரைந்த தாளில் ஊசியால் துளையிட்டு, நிறப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து இந்தக் கோடுகளை இறக்குகிறார்கள். அந்த வேலை, புடவை கொடுத்துத் தைத்து வாங்கும் ஏஜென்ட் வீட்டில் நடக்கிறது, நான் பார்க்கவில்லை. மாஷியின் கையில் வந்து சேர்வது கோடு போட்ட புடவையும் நூற்கண்டும்தான். அவர் செய்வது ஓட்டுத் தையல், ஊசி மேலே எழுந்து கீழே இறங்கும் சாதாரணத் தையல். அந்த ஒரே தையலால் மீனுக்குச் செதில் வருகிறது, தண்ணீருக்கு அலை வருகிறது. உடல் முழுக்க வேலை கொண்ட ஒரு புடவைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

"இது காந்தா இல்ல தீதி" என்றார் மாஷி. "இது புடவை. காந்தா காட்டறேன்." அருகிலிருந்த துணிப்பையை அவிழ்த்தார்.

உள்ளே இருந்தது அவருடையது. மூன்று பழைய நூல் புடவைகள், நடுவில் காலமான கணவரின் ஒரு வேட்டி. கஞ்சியெல்லாம் போய் வெண்ணெய்போல் ஆகும்வரை துவைத்த துணிதான் காந்தாவுக்கு ஆகும் என்றார். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, ஓரங்களை மடித்து, நகராமலிருக்கப் பேரீச்ச முள்ளால் குத்தி வைப்பது அவர் அம்மா காலத்து வழக்கம். பிறகு நீளநீளமாக இழையோட்டி அடுக்குகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். நூலும் கடையில் வாங்கியதல்ல. பழம்புடவையின் கரையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, சிவப்பும் நீலமுமாக இழை இழையாக உருவிக் காட்டினார். புடவையின் கரையே அந்தப் புடவையைத் தைக்கும் நூலாகிறது. நடுவில் தாமரை மலர்ந்திருந்தது. நான்கு மூலைகளில் இரண்டில் மாங்காய் வடிவம், கல்கா, முடிந்திருந்தது. மற்ற இரண்டு மூலைகளும் வெறுமையாக இருந்தன.

"பேத்தி வயித்துல இருக்கும்போது ஆரம்பிச்சேன். இப்ப அவ நாலாங்கிளாஸ்."

வங்காளத்தில் பிறந்த குழந்தையைக் காந்தாவில் சுற்றுகிறார்கள். நம் வீடுகளிலும் பாட்டியின் பழைய நூல் புடவையில்தானே பிள்ளையைக் கிடத்துகிறோம்! கந்தை, காந்தா இரண்டுக்கும் வேர் ஒன்றே, 'கந்தா' என்ற வடசொல். ஆனால் நம் பேச்சில் கந்தை வறுமையின் சொல்லாக நின்றுவிட்டது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். வங்காளப் பெண்கள் அந்தக் கந்தையை அடுக்கித் தைத்து, மருமகனுக்கும் மகளுக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் கொடுத்தார்கள். குளிருக்குப் போர்த்தும் லேப், விருந்தினருக்கு விரிக்கும் சுஜனி, புத்தகத்தைச் சுற்றி வைக்கும் பாய்டன், கண்ணாடியும் சீப்பும் சுருட்டி வைக்கும் ஆர்ஷிலதா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தார்கள். பாட்டி தொடங்கி, மகள் தொடர்ந்து, பேத்தி முடித்த காந்தாக்கள் உண்டு. 1929இல் ஜசீமுத்தீன் எழுதிய 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைப்பாடலின் நாயகி, பிரிந்து போன கணவனுக்காகத் தன் வாழ்க்கையையே ஒரு காந்தாவில் தைக்கிறாள்.

மாஷியின் தாய், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்துக் குல்னா பக்கத்திலிருந்து வந்தவர். கையில் இருந்தது ஒரு மூட்டை, அந்த மூட்டைத் துணியே ஒரு காந்தா. அகதிக் குடியிருப்பில் மத்தியான வேளைகளில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து தைத்தார்கள். ஏழு வயதில் மாஷியின் கைக்கு ஊசி வந்தது. பதினாறில் கல்யாணம். கணவருக்கு மீன்பிடி வேலை. நுரையீரல் நோயில் அவர் படுத்ததும் மாஷி ரயிலேறினார். பாத்திரம் தேய்க்கும் கூலி போதாமல், ஊரில் வந்துபோகும் ஏஜென்டிடம் புடவை வாங்கித் தைக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து இருபது வருஷமாக மற்றவர்களுக்குத் தைக்கிறார். கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறது. ஒருமுறை முடித்த புடவையின் முந்தானையில் டீக்கறை இருக்கிறதென்று ஏஜென்ட் மொத்தக் கூலியையும் பிடித்துக்கொண்டாராம். "கறை என் வீட்டுல பட்டதில்ல. ஆனா சொல்லி என்ன? அடுத்த புடவை தரமாட்டான்."

ஒரு புடவைக்கு அவருக்குக் கிடைக்கும் தொகையைச் சொன்னார். உடனே என் நோட்டைப் பார்த்துப் பதறினார். "எழுதாதீங்க தீதி. இந்தத் தொகை யார் வாங்கறதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்." எழுதவில்லை. தான் வாங்கும் கூலியைச் சொல்லவே ஒரு தொழிலாளி அஞ்ச வேண்டியிருக்கிறது. அந்தத் தொழிலின் கணக்கைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் தொகை எதற்கு?

கடையிலிருந்து டிசைனருக்கு, டிசைனரிடமிருந்து பெரிய ஏஜென்டுக்கு, அவரிடமிருந்து ஊர் ஏஜென்டுக்கு, கடைசியில் மாஷிக்கு என்று ஆர்டர் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை எடுத்துக்கொள்கிறது. நூல் குறைந்தால் மாஷி பொறுப்பு. தேதி தவறினால் மாஷி பொறுப்பு. புடவை விற்காமல் போனாலும் அடுத்த ஆர்டரில் கூலி குறைவது மாஷிக்கே. நாள்கூலி கிடையாது, பீஸ் கணக்கு. ராத்திரி விளக்கில் தைத்த நேரம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. 2008இல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீடு பெயரைக் காக்கிறது. கூலியை யார் காப்பது? கிழிந்த காந்தாவில் படுத்து லட்ச ரூபாய்க் கனவு காண்பவன் என்று வங்காளத்தில் ஒரு பழமொழி உண்டு, பேராசைக்காரனைச் சொல்ல. கடைக்கண்ணாடிக்குப் பின்னால் பெரிய விலைச்சீட்டோடு தொங்கும் காந்தாவைத் தைத்தவள் வீட்டில் கிழிந்த காந்தாவில்தான் படுத்திருக்கிறாள். அவள் காண்பதைப் பேராசை என்று எவரும் சொல்ல முடியாது. தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிராமத்தில் இருக்கும் பெண்ணுக்கும் நகரத்துக் கடைக்கும் நடுவில் யாரோ ஒருவர் நடக்கத்தான் வேண்டும். நடந்ததற்குக் கூலி வாங்கட்டும். தைத்தவளின் கூலியை எடுத்துக்கொள்வது திருட்டு.

அந்தத் திருட்டில் போவது பணம் மட்டுமல்ல என்பதை அந்த வராந்தாவில்தான் உணர்ந்தேன். முடியாமல் கிடக்கும் அந்த இரண்டு மூலைகள் சோம்பலால் மிஞ்சியவை அல்ல. பேத்திக்குரிய மத்தியானங்கள் மலிவு விலைக்கு விற்றுப் போய்விட்டன.

அலிப்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே போனால் ஜோகா. அங்குள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தைத்த ஒரு காந்தா இருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத், வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் தேடிச் சேர்த்தவற்றில் ஒன்று. தன் கையால் தகப்பனாருக்காகச் செய்தது என்று அதிலேயே நூலால் எழுதிவைத்திருக்கிறாள் அவள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றி எழுதினார். அவர் சேர்த்த காந்தாக்கள் இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதையெல்லாம் தோழி மாஷிக்கு எடுத்துச் சொன்னாள். மாஷி கேட்டது ஒன்றே ஒன்று: "அவ பேரைத் தைச்சிருக்காளா?" ஆமாம் என்றதும் மடியிலிருந்த டசர் புடவையைப் பார்த்தார். அதில் தைத்தவர் பெயருக்கு இடமில்லை.

மேட்டித் துணியை எடுத்துக் கொடுத்தேன். மாஷி முன்பக்கம் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முடிச்சு எங்கே, நூல் எங்கே தாண்டியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க அம்மாவுக்குச் சுத்தமான கை" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தையல் அவருக்குப் புதிதல்ல. சாக்குத் துணியில் கம்பளி நூலால் இதே பெருக்கல் தையல் போட்டு, சாப்பிட உட்காரும் ஆசனங்கள் செய்வாராம் அவர் அம்மா. வெள்ளைக்காரர் காலத்தில் வங்காளத்துக்கு வந்து, காந்தாவிலும் ஏறி, கார்ப்பெட் காந்தா என்று தனி வகையாகவே ஆன தையல் இது.

துருவேறிய ஊசியை மெல்ல உருவினார். கறையில் எலுமிச்சையும் உப்பும் தேய்க்கச் சொன்னார். தன் பையிலிருந்து வேறு ஊசி எடுத்து, பச்சை நூலை முழங்கை நீளத்துக்கு வெட்டினார். அதற்கு மேல் நீண்டால் சிக்கும். கோத்து என் கையில் கொடுத்தார். "வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கம் திரும்பி வாங்க. மேல விழற கோடு எல்லாம் ஒரே பக்கம் சாயணும்."

மற்றவர்களுக்குத் தைத்துக்கொண்டே எப்படித் தன் காந்தாவையும் விடாமல் பிடித்திருக்கிறார் என்று கேட்டேன். அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று வைத்தால் நடக்காது. ஒரு நாளைக்கு ஒரு ஊசி நூல், அவ்வளவுதான். கோத்த நூல் தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். மடிக்கும் முன் அடுத்த நாளுக்கான நூலைக் கோத்துத் துணியில் குத்தி வைக்க வேண்டும். நாளைக்கு எடுத்ததும் கை நேராகத் தையலுக்குப் போகும். நூலும் ஊசியும் தேடும் வேலை இருந்தால் அன்றைக்கு ஓடாது. ஏஜென்ட் அவசரப்படுத்தும் மாதங்களில் இந்த ஒரு ஊசி நூலும் நின்றுபோகிறது. பேத்தியின் வயசு மட்டும் நிற்பதில்லை.

அன்று ஏழு பெருக்கல் போட்டேன். ஊருக்கு வந்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு ஊசி நூல் என்று விடாமல் தைத்ததில், பொங்கலுக்கு முன் கிளிக்கு வால் வந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாதியில் நின்ற ஒரு துணி இருக்கும். அதை எடுத்து ஊசியில் நூல் கோத்து வையுங்கள். அடுத்து, கைத்தையல் துணி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதைத் தைத்தவர் யார், எத்தனை நாள் ஆயிற்று, அவர் கைக்கு எவ்வளவு போனது? பதில் சொல்லத் தெரிந்த கடையில் பேரம் பேசாமல் வாங்குங்கள். பதில் வராத கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புங்கள்.

போன வாரம் தோழியிடம் விசாரித்தேன். கல்யாண சீசன், கையில் இரண்டு டசர் புடவைகள். மாஷியின் காந்தாவில் அந்த இரண்டு மூலைகளும் இன்னும் பாக்கி.